பத்தொன்பதாம் பக்கத்துப் பிழை

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு இன்னைக்குக் காத்து ஆகாது, தலை கலைஞ்சிரும். இல்ல இல்ல, கல்யாண வீட்டுக்கெல்லாம் போகல. சட்டை புதுசா இருக்கேன்னு பாக்குறீங்களா? ஒரு சண்டைக்குப் போறேன். நெசமாத்தான். சண்டைக்குப் போறவன் அழுக்குச் சட்டையோடயா போவான்? காலையில மூணு சட்டை மாத்திட்டேன். மொதல்ல போட்டது ரொம்ப வெள்ளையா இருந்துச்சு, கட்சிக்காரன் மாதிரி. ரெண்டாவது கட்டம் போட்டது. கட்டம் போட்ட சட்டையோட போனா நாம சொல்ற பாயின்ட் எடுபடாது.

திருமங்கலம் வரைக்கும் போறேன். நீங்க? மதுரையா! நல்லதாப்போச்சு. ஒண்ணரை மணி நேரம் இருக்கு, நான் சொல்றதைக் கேட்டுட்டு யாரு பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க. மூணாவது மனுசன் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

என் பேரு பெத்துராஜ். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மூணு மாடி லாட்ஜ் ஒண்ணு இருக்குல்ல, கீழ சாப்பாட்டு ஹால், பச்சை பெயின்ட்டு? அதுல மேனேஜர். பதினாலு வருஷம் ஆச்சு. ஆனா அது சோத்துக்கு. அடிப்படையில நான் எழுத்தாளன் அண்ணாச்சி. சிரிக்காதீங்க. தினசரி காலண்டர்ல தேதிக்குக் கீழ 'இன்றைய சிந்தனை'ன்னு ரெண்டு வரி இருக்குமே, ரெண்டு வருஷம் ஒரு பிரஸ்ஸுக்கு அதை நான்தான் எழுதிக் குடுத்தேன். எழுநூத்து முப்பது சிந்தனை. நீங்க கிழிச்சுப் போட்டிருப்பீங்க, பரவாயில்ல. எல்லாரும் கிழிச்சுத்தான் போடுவாங்க. அந்த எழுத்துக்கு வாழ்நாளே ஒரு நாள்தான்.

இப்ப புத்தகமே போட்டுட்டேன். அதுலதான் தகராறு.

என்ன புத்தகம்னா, கேளுங்க. எங்க லாட்ஜ்ல ரூம் போடுறவங்களுக்கு வைஃபை உண்டு. பொதுவா ஒரு பாஸ்வேர்டை வச்சா என்ன ஆகும்? எதுத்தாப்ல டீக்கடையில உக்காந்திருக்கிறவன் பூரா நம்ம வைஃபையிலதான் படம் பாப்பான். அதனால ரூமுக்கு ஒரு சீட்டு. வவுச்சர்னு சொல்லுவாங்க. எட்டு எழுத்து, நம்பரும் இங்கிலீஷும் கலந்து. அதைப் போன்ல ஒரு தடவை அடிச்சிட்டா ரூம் காலி பண்ற வரைக்கும் ஓடும். ஆனா நம்ம ஆளுங்க அடிக்கிறதுக்கு முன்னாலயே சீட்டைத் தொலைச்சிருவாங்க. சட்டைப் பையோட துவைச்சிருவாங்க. பல்லு குத்திருவாங்க. ஒரு பட்டாசு வியாபாரி அதுல சாமி விபூதியை மடிச்சு வச்சுட்டு வந்து, 'வேற குடுங்க, இதைப் பிரிக்கக் கூடாது'ன்னாரு.

உடனே நான் நீள நோட்டை எடுத்து, யாருக்கு என்ன சீட்டு குடுத்தோம்னு விரல் வச்சுத் தேடணும். இதைப் பாத்துட்டு எங்க முதலாளி கோயம்புத்தூர்ல ஜெபஸ்டின்னு ஒரு ஆளைப் பிடிச்சு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு வாங்கினாரு. ரொம்பச் சின்னது. ஒரு பெட்டி இருக்கும். அதுல வந்தவங்க பேரையோ ரூம் நம்பரையோ அடிச்சா, என்ன சீட்டு, எப்பக் குடுத்தோம், ஓடுதா இல்லையான்னு வரிசையா வந்துரும். அவ்வளவுதான் அண்ணாச்சி. ஆனா எனக்கு மொத நாள் அதைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. தொலைச்சதைத் தேடிக் குடுக்க ஒரு மிஷின்! சொல்லும்போதே எப்படி இருக்கு பாருங்க.

ஜெபஸ்டின் போன்ல சொன்னான். 'சார், இதை எப்படி உபயோகிக்கிறதுன்னு ஒரு நாலு பக்கம் எழுதி வச்சிருங்க. நீங்க லீவுல இருந்தா வேற ஆளு பாத்துச் செய்யணும்ல'ன்னு.

நாலு பக்கம். என்கிட்ட சொல்றான்.

முப்பத்திரெண்டு பக்கம் எழுதினேன். முன்னுரை, நன்றியுரை, அப்புறம் சமர்ப்பணம். 'எதையேனும் தொலைத்த அனைவருக்கும்'னு போட்டேன். எங்க ஊர்ல அச்சடிக்கிறதுக்குப் பஞ்சமா? நம்ம சேக்காளி ஒருத்தன் அவன் பிரஸ்ல மிச்சம் கெடந்த பேப்பர்ல நூறு காப்பி அடிச்சுக் குடுத்துட்டான். அட்டைக்குத்தான் வேற கெடைக்கல, ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மீந்துபோன அட்டை. அதான் ரெண்டு கிளி மூக்கோட மூக்கு உரசிட்டு இருக்கு. இந்தா, பாருங்க. 'விருந்தினர் வைஃபை வவுச்சர் தேடல்: ஓர் எளிய கையேடு.' கிளிக்குக் கீழ என் பேரு. அட்டையைப் பாத்து யாரும் தப்பா நெனைக்க முடியுமா? முடியாதுல்ல? நெனைச்சாங்க அண்ணாச்சி.

இருங்க, வரிசையா வர்றேன்.

கையேடுன்னா உதாரணம் வேணும். ஜெபஸ்டின் என்ன சொன்னான்? 'ஏபிசின்னு ஒரு பேரைப் போட்டுக்கங்க சார்.' ஏபிசின்னு ஒருத்தன் எந்த ஊர்லயாவது ரூம் கேட்டு வந்து பாத்திருக்கீங்களா? படிக்கிறவன் நம்புவானா? எழுத்துன்னா உயிர் வேணும். அதனால ஒரு நெசமான ஆளு பேரைப் போட்டேன். மீனலோசனி.

யாருன்னா, ரத்தம் டெஸ்ட் பண்ற மிஷின் இருக்குல்ல, லேப்ல? அதை ரிப்பேர் பாக்குற இன்ஜினியர். மதுரைக்காரங்க. மாசத்துக்கு மூணு நாள் எங்க லாட்ஜ்ல தங்கித்தான் சிவகாசி, ராஜபாளையம், சாத்தூர்னு சுத்தி வேலை பாப்பாங்க. முப்பத்தொம்போது வயசு. வீட்ல அவங்களும் அம்மாவும்தான். எனக்கு எப்படித் தெரியும்னா, ரூம் போடும்போது எழுதித் தரணும்ல? அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கும். எல்லா ஃபாரத்தையும் நான் படிக்கிறதுதான்.

அவங்க பேரை ஏன் எடுத்தேன்னா, இங்கிலீஷ்ல அடிச்சா பன்னெண்டு எழுத்து வருது. தேடுற பெட்டியில முழுப் பேரும் அடங்குதான்னு பாக்கணும்ல? முழுக்கத் தொழில்நுட்பக் காரணம். இன்னொண்ணு, எங்க லாட்ஜ்ல அதிகமாச் சீட்டைத் தொலைக்கிற ஆளும் அவங்கதான். ஆறு மாசத்துல பதினோரு தடவை! மிஷினை நட்டு போல்ட்டு தொலையாமக் கழட்டி மாட்டுறவங்களுக்கு இந்தச் சீட்டு மட்டும் தங்காது. அது என்ன ராசியோ. 'பெத்துராஜ் சார், இன்னைக்கும் போச்சு'ன்னு வந்து நிப்பாங்க. நான் பெட்டியில பேரை அடிச்சு, பழசையும் பாத்து, கையோட புதுசா ஒண்ணும் குடுப்பேன். அதுக்கு ஒரு பத்து நிமிசம் ஆகும். பேச்சு வந்தா அரை மணி.

என்ன பேசுவோமா? மிஷினைப் பத்தித்தான். ராஜபாளையத்துல ஒரு லேப் வச்சிருக்கிற வயசானவரு மாசாமாசம் மிஷின் சரியில்லைன்னு கம்ப்ளெய்ன்ட் குடுப்பாராம். இவங்க போய்ப் பாத்தா மிஷின் ஜம்முனு ஓடுமாம். அவரு சம்சாரம் செத்துப்போய் தனியா இருக்காரு, பேச ஆள் இல்ல. 'அப்ப ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?'ன்னு கேட்டேன். 'இயந்திரத்தில் குறை இல்லைன்னு எழுதுவேன் சார். எழுதிட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டு வருவேன்'ன்னாங்க. நல்ல மனசு. அப்படிச் சொல்லிட்டு என்னையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க. கண்ணுல தூசி விழுந்துருச்சோன்னு ஃபேனைக் குறைச்சு வச்சேன்.

சரி, கையேட்டுக்கு வருவோம். நான் எழுதினதுல தப்பு இருக்கான்னு நீங்களே கேளுங்க. நாலாம் பக்கம். 'மீனலோசனி தமது வவுச்சரைத் தொலைத்துவிடுகிறார். அவருக்கு மறதி அதிகம். ஆயினும் அம்மறதி அவருக்கு அழகாகவே அமைந்திருக்கிறது. இப்போது நாம் தேடும் பெட்டியில் அவர் பெயரின் முதல் எழுத்தை அடிக்கிறோம். உடனே திரையில் அவர் தோன்றுகிறார்.' எவ்வளவு தெளிவு! எந்தக் குழந்தையும் செஞ்சிரும்.

பன்னெண்டாம் பக்கம். இது கணினியை எப்பத் தயாரா வைக்கணும்னு. 'விருந்தினர் மாடிப்படியில் இறங்கும் ஓசை கேட்டதுமே மென்பொருளைத் திறந்துவிடுவது நலம். மீனலோசனி கடைசிக்கு மூன்று படி முன்பாக ஒரு கணம் நின்று, நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்வார். அவர் முகத்தில் ஒரு பதற்றம் தெரியும். சீட்டைத் தொலைத்த பதற்றம் அது. அந்த ஒரு கணத்தில் நாம் கடவுச்சொல்லை அடித்து முடித்துவிடலாம்.' இதுல பாருங்க, நேரக் கணக்குகூட இருக்கு.

ஆமாதூர் வந்துருச்சா? ஆளு ஏறுறாங்க. பையை இங்கிட்டு வச்சுக்கிறேன். அது பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து காலையில வந்தது. சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோட போகக் கூடாதுல்ல. அவங்களுக்குச் சீனி கம்மியா இருந்தாத்தான் பிடிக்கும். அதனால கடைக்காரன்கிட்ட ருசி பாத்துத்தான் வாங்கினேன்.

இப்பத்தான் முக்கியமான எடம். பத்தொன்பதாம் பக்கம். இந்த சாஃப்ட்வேர்ல ஒரு பிழை இருக்கு அண்ணாச்சி. அதைக் கண்டுபிடிச்சது நான். ஜெபஸ்டினுக்கே தெரியாது. படிக்கிறேன் கேளுங்க. 'மென்பொருளும் மனிதன் செய்ததே. இதில் ஒரு பிழை உண்டு. மீனலோசனி தமது சீட்டு தொலைந்துவிட்டதாகக் கூறி நம் முன்னே நிற்கும் அதே வேளையில், தொலைந்த அந்தச் சீட்டு பயன்பாட்டில் உள்ளது என்று திரை காட்டும். நாம் புதிதாகக் கொடுத்த சீட்டோ, பயன்படுத்தப்படவில்லை என்றே கடைசி வரை காட்டும். பதினோரு முறையும் இவ்வாறே நிகழ்ந்தது. இதனைப் பொருட்படுத்த வேண்டாம். மனிதர் சொல்லை நம்புக. இயந்திரத்தை நம்பற்க.'

அந்தக் கடைசி வரி எப்படி! காலண்டர்ல போடலாம்.

இதை ஜெபஸ்டின்கிட்ட அப்பவே போன் பண்ணிச் சொன்னேன். அவன், 'சிஸ்டம் சரியாத்தான் சார் காட்டுது'ங்கிறான். 'அப்ப அவங்க பொய் சொல்றாங்களாய்யா?'ன்னு நான் சத்தம் போட்டேன். அதுக்கு அவன் கேக்குறான், 'சார், உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?'ன்னு. பிழை எங்க இருக்குன்னு கேட்டா கல்யாணம் ஆச்சான்னு கேக்குறான். இப்படி ஆளுங்க சாஃப்ட்வேர் செஞ்சா அது எப்படி ஒழுங்கா ஓடும்?

இல்ல அண்ணாச்சி, ஆகல. நாப்பத்துமூணு முடிஞ்சிருச்சு. தங்கச்சிங்க ரெண்டு பேரு கல்யாணம், அப்புறம் அப்பாவுக்கு முடியாமப் போச்சு, அப்புறம் நமக்கு அது ஒத்துவராதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். பொம்பளைங்க மனசு நமக்குப் புரியாது. அதுல எனக்கு வருத்தமில்ல. எழுத்து இருக்கு, போதும்.

புத்தகம் வந்தா வெளியீட்டு விழா வேணுமா வேண்டாமா? ஆயுத பூஜை அன்னைக்கே வச்சேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடலை படைச்சு, அது முன்னாலயே விழா. முதலாளி தலைமை. எனக்கு நானே ஒரு பொன்னாடை வாங்கி முதலாளி கையில குடுத்து வச்சிருந்தேன், மறந்துருவாருல்ல. முதல் பிரதியை வாடிக்கையாளர் சார்பா யாராவது வாங்கணும். அன்னைக்கு லாட்ஜ்ல இருந்ததே மீனலோசனி மட்டும்தான். அவங்களுக்கு முந்தின நாளே வேலை முடிஞ்சு போச்சு. ஊருக்குப் போகாம ஏன் இருந்தாங்கன்னு தெரியல. 'விழா இருக்குன்னீங்களே சார்'னாங்க. நான் எல்லார்கிட்டயும்தான் சொன்னேன், அவங்க மட்டும் அதை ஞாபகம் வச்சிருந்தாங்க. பாருங்க, விழா ஞாபகம் இருக்கு, சீட்டு ஞாபகம் இருக்க மாட்டேங்குது.

மைக்குல நான் பன்னெண்டாம் பக்கத்தைப் படிச்சுக் காட்டினேன். அந்த நெற்றி முடி எடம் வந்ததும் ஹால்ல ஒரு சத்தம் இல்ல. எழுத்தோட சக்தின்னு நெனைச்சேன். சமையக்காரர் மட்டும் துண்டை வாயில அடைச்சுக்கிட்டு வெளிய ஓடினாரு, பாவம் இருமல். முதலாளி கூரையைப் பாத்துட்டு இருந்தாரு. மீனலோசனி குனிஞ்ச தலை நிமிரல. முதல் பிரதியை மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாப் படிச்சிட்டு இருந்தாங்க. காது மட்டும் செவந்திருந்துச்சு. ஹால்ல புழுக்கம் ஜாஸ்தி. படிச்சு முடிச்சிட்டு என் சட்டைப் பையிலேர்ந்து பென்சிலை அவங்களே எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. ஒரு 'நல்லா இருக்கு சார்' கூட இல்ல. எழுதினவனுக்கு எப்படி இருக்கும்?

சாயந்தரம் ரூம் காலி பண்ணிட்டுச் சாவியோட புத்தகத்தையும் கவுன்டர்ல வச்சாங்க. 'திருத்தம் பண்ணியிருக்கேன் சார். பாருங்க'ன்னு சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிட்டாங்க. திரும்பிப் பாத்துட்டேதான் போனாங்க. எதையோ மறந்து வச்சிட்டாங்க போலன்னு ரூமுல போய்த் தேடினேன். ஒண்ணும் இல்ல.

திருத்தத்தைப் படிச்சதும் எனக்குக் கோவம் ஏறிருச்சு. நாலாம் பக்கத்துல 'மறதி அதிகம்'ங்கிறதை அடிச்சு, 'மறதி இல்லை'ன்னு எழுதியிருக்காங்க. பதினோரு தடவை தொலைச்சிட்டு மறதி இல்லையாம்! பன்னெண்டாம் பக்கம். 'பதற்றம் சரி. காரணம் தவறு.' இது என்ன பரீட்சைப் பேப்பரா? இதெல்லாம்கூடப் போகட்டும். பத்தொன்பதாம் பக்கத்துல நான் எழுதின பத்தி பூராவும் பென்சிலால ஒரு கோடு. ஓரத்துல எழுதியிருக்காங்க பாருங்க. 'பிழை அல்ல. இயந்திரத்தில் குறை இல்லை. பயன்படுத்துபவரிடம் பேசவும்.'

நான் கண்டுபிடிச்ச பிழை அண்ணாச்சி! மூணு மாசம் ராப்பகலா யோசிச்சுக் கண்டுபிடிச்சது. ஒரே கோட்டுல இல்லைன்னுட்டாங்க. எனக்கு அன்னைக்குச் சாப்பாடு எறங்கல. படுத்தா இந்த மூணு வரிதான் கண்ணு முன்னால. அந்தக் கையெழுத்து வேற, முத்து முத்தா இருக்கும். திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒரு அம்பது தடவை படிச்சிருப்பேன். கோவத்துலதான்.

அந்த நேரம் பாத்து முதலாளியம்மா புத்தகத்தைப் படிச்சிட்டாங்க. படிச்சதோட விட்டாங்களா, எண்ணியிருக்காங்க. 'ஒரு பொம்பளை பேரை நாப்பத்தோரு எடத்துல போட்டிருக்கான் உங்க மேனேஜரு. போலீஸுக்குப் போனா லாட்ஜை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்'னு முதலாளியைப் பிடிச்சு ஏறிட்டாங்க. முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. 'பெத்துராஜு, தங்க வந்தவங்க பேரு, ரூமு, எத்தனை மணிக்கு எறங்கி வந்தாங்கங்கிறதெல்லாம் அச்சடிச்சு விக்கிறதாடா நம்ம தொழிலு?'ன்னாரு. அவரு சொன்னது சரிதான் அண்ணாச்சி. அது எனக்கு உறைச்சுது. நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. எழுதுற வேகத்துல அது தோணவே இல்ல. தொண்ணூத்தெட்டு காப்பியையும் கட்டி ஸ்டோர்ல போட்டாச்சு. 'அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு, ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வா. அடுத்த மாசத்துக்குள்ள கையெழுத்து வந்தா வேலையில இரு, இல்லைன்னா வராத'ன்னுட்டாரு. பதினாலு வருஷம் அண்ணாச்சி. அந்தக் கவுன்டரைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.

லெட்டர் தயாரா இருக்கு, இந்தா. 'கையேட்டில் நாற்பத்தோரு இடங்களில் எனது பெயரைப் பயன்படுத்தியதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' கீழ கையெழுத்துப் போடுறதுக்கு எடம் விட்டிருக்கேன்.

ஆனா அவங்க இந்த மாசம் வரவே இல்ல. தேதி தாண்டிப் பத்து நாள் ஆச்சு. அவங்க எப்பவும் தங்குற முந்நூத்து மூணாம் நம்பர் ரூமை யாருக்கும் குடுக்காமப் பூட்டியே வச்சிருந்தேன். பழைய வாடிக்கையாளருக்கு அந்த மரியாதை உண்டுல்ல. ஒவ்வொரு பஸ்ஸா வாசல்ல போய்ப் பாத்தேன். எனக்கு வேலை போயிரும்னு பயம். வேற என்ன? கம்ப்யூட்டரைத் தொடைக்கும்போது சும்மா பெட்டியில அந்தப் பேரை அடிச்சுப் பாப்பேன். வரும். 'தற்போது தங்கவில்லை'ன்னு வரும்.

கடைசியா நேத்து நானே போன் பண்ணினேன். 'மேடம், ஒரு கையெழுத்து வேணும், அப்படியே பத்தொன்பதாம் பக்கத்தைப் பத்தி உங்ககிட்ட விவாதிக்கணும். அது பிழைதான், என்கிட்ட ஆதாரம் இருக்கு'ன்னேன். அவங்க சிரிச்சாங்க. 'இன்னுமா சார் உங்களுக்குப் புரியல? நான் பத்து நாளாக் காத்திருக்கேன்'ன்னாங்க. எதுக்குக் காத்திருக்காங்கன்னு சொல்லல. 'நாளைக்குத் திருமங்கலத்துல ஒரு லேப்ல இருப்பேன். மூணு மணிக்கு மிஷின் வேலை முடிஞ்சிரும். ஆதாரத்தையும் எடுத்துட்டு வாங்க. பக்கத்துலதான் எங்க சித்தி வீடு, அம்மாவும் வந்திருக்காங்க. காபி சாப்பிட்டுட்டே சண்டை போடலாம்'ன்னாங்க. சாட்சி வச்சுக்கிட்டுப் பேசப் பாக்குறாங்க அண்ணாச்சி! நான் விடுவேனா? ஆறு மாசத்துப் பதிவையும் பிரின்ட் எடுத்துட்டேன். அவங்க பேருல இருக்கிறது மட்டும்தான், மத்தவங்களோடது ஒண்ணும் இல்ல, அந்தப் புத்தி இப்ப வந்துருச்சு. அறுபது பக்கம். எந்த நிமிசம் எந்தச் சீட்டு ஓடுச்சுன்னு எல்லாம் இருக்கு. நேத்து போனை வச்சதுலேர்ந்து எனக்குத் தரையில கால் பாவல. ஒரு நல்ல வாதத்துக்குப் போறதுன்னா எனக்கு எப்பவும் அப்படித்தான்.

என்ன அண்ணாச்சி சிரிக்கிறீங்க? அதுவும் இப்படிக் குலுங்கிக் குலுங்கி. பக்கத்து சீட்டுல எல்லாம் பாக்குறாங்க.

என்ன? தொலைஞ்சுபோன சீட்டு எந்தப் போன்ல ஓடுச்சா?

இருங்க, இதுலயே இருக்கும். அந்தக் கடைசிக் கட்டம்தான். எந்தப் போன்னு போட்டிருக்கும். மார்ச் நாலாம் தேதி... அவங்க போன். ஏப்ரல்... அவங்க போன்தான். மே, அவங்க போன். ஆமா, எல்லாமே அவங்க போன்லதான் ஓடியிருக்கு. அதைத்தான் பிழைங்கிறேன். அவங்க போன்லதான் வைஃபை ஓடிட்டு இருக்கே, அப்புறம் சீட்டுத் தொலைஞ்சா என்ன, இருந்தா என்ன? புதுச் சீட்டு எதுக்கு...

புதுச் சீட்டு எதுக்கு அண்ணாச்சி?

கொஞ்சம் இருங்க. பேசாதீங்க. ஒரு நிமிசம்.

'பதற்றம் சரி. காரணம் தவறு.'

ஐயையோ.

அண்ணாச்சி, எங்க லாட்ஜ்ல லிஃப்ட் கிடையாது. மூணு மாடி. ஒவ்வொரு தடவையும் எறங்கி வந்து, திரும்ப ஏறிப் போகணும். அதுவும் நாளெல்லாம் மிஷினைத் தூக்கி எறக்கிட்டு வந்த ஆளு. கீழ முதல் மாடியிலயே ரூம் தர்றேன்னேன். முந்நூத்து மூணுதான் வேணும், காத்து வரும்னாங்க. எட்டிப் பாத்தா என் கவுன்டர் தெரியும் அந்த மாடிப்படியிலேர்ந்து. பதினோரு தடவை. பதினோரு தடவை எறங்கி வந்து என் முன்னால நின்னிருக்காங்க, நான் என்ன பண்ணியிருக்கேன்? சீட்டு குடுத்திருக்கேன் அண்ணாச்சி! சீட்டு குடுத்து, மேல போங்கன்னு அனுப்பியிருக்கேன். ஃபேனைக் குறைச்சு வச்சிருக்கேன்.

அந்த ஜெபஸ்டின் பயலுக்குத் தெரிஞ்சிருக்கு. சமையக்காரருக்கும் இருமலே கெடையாது. முதலாளியம்மா எண்ணிப் பாத்திருக்காங்க. நாப்பத்தோரு எடத்துல எழுதின எனக்குத் தெரியல. தொழில்நுட்பக் காரணம்னு சொல்லிட்டு அலைஞ்சிருக்கேன். எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதான்னே தெரியல. எனக்கு அவங்களைப் பிடிக்கும் அண்ணாச்சி. ரொம்பப் பிடிக்கும். இதை நான் இன்னைக்குத்தான் மொதத் தடவையாச் சொல்றேன், அதுவும் பேரு தெரியாத உங்ககிட்ட.

என்னது, திருமங்கலமா? அதுக்குள்ளயா? விசில் அடிக்கிறானே! எறங்கணும்பா, இருப்பா, ஒரு ஆளு இருக்கு! பால்கோவா எங்க? அரைக் கிலோதான் வாங்கினேன், அம்மா இருக்காங்கன்னு சொன்னாங்களே, ஒரு கிலோவா வாங்கியிருக்கணும். தலை சரியா இருக்கா? சட்டை? நெசமாச் சொல்லுங்க.

இந்தக் கட்டா? ஆதாரமா? வேண்டாம் அண்ணாச்சி, இதைக் கொண்டுபோய் நான் வாதாடி ஜெயிச்சுத் தொலைச்சிட்டா என்ன பண்றது? இல்ல, இதுல அவங்க பேரு இருக்கு, இங்க விட்டுட்டுப் போகக் கூடாது, குடுங்க, அடியில வச்சுக்கிறேன். இவ்வளவு தூரம் ஜெயிக்கணும்னு வந்தேன். இப்ப எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. பஸ் மதுரை போய்ச் சேர்ற வரைக்கும், நான் தோக்கணும்னு வேண்டிக்கங்க.